அடியில் கரி

பாகூரில் தம்பி அரிகரன் மாடி வீடு கட்டத் தொடங்கியதும், பக்கத்திலேயே மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்த அண்ணன் உலகநாதனுக்கு வயிறு எரிந்தது.

'நிலக்கரி எடுக்க அரசு குத்தகைக்கு விட்ட நிலத்தில் வீடு கட்டுகிறான்' என்று சர்வே நம்பரோடு மொட்டைக் கடுதாசி போட்டார்.

ஒரே வாரத்தில் அதிகாரி வந்து தடை உத்தரவை நீட்டினார், உலகநாதனிடம்.

"இன்னா சார், கட்டுறது அவன்!"

"புகார்ல இருக்குற நம்பர் மொத்தத்துக்கும் தடை. ரெண்டு வீட்டுக்கும்தான். பட்டா உங்க பேர்லதான இருக்கு?"

அரிகரன் அண்ணனையே பார்த்தான்.

"என் பாகத்தைத் தனி நம்பரா பிரிச்சுக் குடுண்ணான்னு பத்து வருஷமா கெஞ்சினேன். குடுத்திருந்தா, இன்னைக்கு என் வூட்டோட போயிருக்கும்!"