ஆறு குறையுது

பறவைக் காய்ச்சலால் முட்டை விலை இரண்டு மடங்காகி, கடையில் ‘ஆளுக்கு ஆறுதான்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். கடைசி ஆறும் தன் கைக்கு வந்ததும் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. மூன்று நாளாக மகன் முட்டை கேட்டு அடம் பிடிக்கிறான்.

“அதை எனக்கு விட்டுத் தர முடியுமாம்மா? ஆறு குறையுது,” என்றார் பின்னால் நின்ற பெரியவர். அவர் கூடையில் ஏற்கெனவே இரண்டு டஜன் முட்டைகள் இருந்தன.

“நாலு கடை ஏறி இறங்கிட்டீங்க போல! பதுக்கி வச்சு விக்கவா? உங்களை மாதிரி ஆளுங்களாலதான் விலை இப்படி ஏறுது!” என்று வெடித்தாள் அவள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கூடையோடு வெளியேறினார்.

கடைக்காரரின் முகம் வாடிவிட்டது. “அவசரப்பட்டுட்டீங்கம்மா. அவர் கோழிப்பண்ணைக்காரர். நோய் வந்து, போன வாரம் அத்தனை கோழியையும் அழிச்சுட்டாங்க.”

“அப்புறம் இவ்வளவு முட்டை எதுக்கு?”

“ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துக்கு தினமும் சும்மாவே அனுப்பிட்டிருந்தார். பண்ணை போச்சுன்னு தெரிஞ்சா அவங்க வேணாம்னுடுவாங்களாம். அதான் கடை கடையா வாங்கி, தன் பண்ணையோட முட்டை அட்டையில அடுக்கி, விடியறதுக்குள்ள வாசல்ல வச்சுட்டு வந்துடறார்.”

அவள் ஓடினாள். தெருமுனையில் அவரைப் பிடித்து, ஆறு முட்டைகளையும் பதமாகக் கூடையில் வைத்தாள்.

“மன்னிச்சுக்குங்க ஐயா. இப்போ முப்பது சரியா இருக்கும்.”

அவர் திகைத்தார். “முப்பது வேணும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“தினமும் அதை அவிச்சு, இல்லத்துப் பிள்ளைங்களுக்கு உரிச்சுக் கொடுக்கறவளே நான்தாங்க.”