எங்கே கடிக்குது

"தலை வெடிக்குது புள்ள."

அவனுக்குச் சோறு கொடுத்துவிட்டு அப்போதுதான் அவள் தன் தட்டில் கைவைத்திருந்தாள். எச்சில் கையோடு ஓடினாள்.

கட்டிலில் கிடந்தவன் முகம் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது. ஃபேன் ஓடியும் நெற்றியெல்லாம் வேர்வை.

பக்கத்து வீட்டு மாரிக்கண்ணு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "தூக்கி உக்கார வச்சுறாதடி. மயக்கம் வரும். படுத்தே கெடக்கட்டும்."

மாரிக்கண்ணு சொல்வது வேறு நாளைக்கு. உட்கார வைத்ததும் முகம் வெளுத்துக் கண் செருகுமே, அந்த நாளைக்கு.

இது ஏறுகிற பிரஷர். இதற்குப் படுக்கைதான் எமன்.

கக்கத்தில் கைகொடுத்து அவனை நிமிர்த்தினாள். முதுகுக்குத் தலையணைகளை அண்டக்கொடுத்தாள். காலிரண்டையும் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டாள்.

அடுக்கிய நெல் மூட்டைகள் முதுகில் சரிந்த நாளிலிருந்து நெஞ்சுக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது. ஆனால் உடம்புக்குத் தெரியும். கீழே எது கடித்தாலும், எது அழுத்தினாலும் பிரஷர் மண்டைக்கு ஏறும். பார்க்காமல் விட்டால் மூளையில் ரத்தம் கொட்டிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

எங்கே கடிக்குது?

மூத்திரக் குழாய் மடங்கவில்லை. பை நிரம்பவில்லை. தொடைக்கு அடியில் ஒன்றும் சிக்கவில்லை.

கைலியை உருவினாள்.

புது அருணாக்கயிறு.

காலையில் குளிப்பாட்டிவிட்டு அவளே கட்டியது. பழசு நைந்து தொங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல், நல்ல கறுப்பாகப் பார்த்து வாங்கி, இடுப்புக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று இறுக்கிக் கட்டினாள். சோறு போன வயிறு இப்போது உப்பியிருந்தது. கயிறு சதைக்குள் புதைந்து கிடந்தது.

ஈரத்தில் போட்ட முடிச்சு. அவள் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அடியே! உசுரோட இருக்கவனுக்கு அறுக்கவா போற?" மாரிக்கண்ணு வாயில் அடித்துக்கொண்டாள்.

அவள் கை நின்றுவிட்டது. புதுசைக் கட்டிய பிறகுதான் பழசை எடுப்பார்கள். வெற்று இடுப்பாக்கி அறுப்பது பிணத்துக்கு. அவள் அப்பனுக்கு அறுத்ததைப் பார்த்திருக்கிறாள்.

அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

"செத்தா ஊரே வந்து அறுக்கும். இப்ப நீதாண்டி அறுக்கணும்."

அறுத்தாள்.

கயிறு சுண்டித் தெறித்தது.

அவன் கையில் பிரஷர் மிஷினைச் சுற்றினாள். கழற்றிவிட்டு மறுபடியும் சுற்றினாள். எண் இறங்கிக்கொண்டு வந்தது. முகத்துச் சிவப்பும் வடிந்தது.

அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. "நாந்தான கட்டுனேன்... நாந்தான..."

மாரிக்கண்ணு சத்தமில்லாமல் போய்விட்டாள்.

இடுப்பைச் சுற்றிக் கயிறு பதிந்த இடம் கன்றிக் கிடந்தது. அவள் அதை விரலால் தொட்டாள்.

"வலிக்குதா?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் குனிந்தான். அவள் விரல் எங்கே இருக்கிறதென்று கண்ணால் தேடிப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஆமா. வலிக்குது."

அவள் குனிந்து ஊதினாள்.