டிரம்மில் நறுவிலி

முற்றத்தில் குழி கிழி தோண்டக் கூடாது என்று சொல்லித்தான் வீட்டை வாடகைக்குக் கொடுத்தார் பூலோகபாண்டியன். குடிவந்த செண்பகவல்லி தோண்டவில்லை. சிமெண்டுத் தரைமேல் ஒரு தகர டிரம்மை வைத்து, அதில் நறுவிலிக் கன்றை வளர்த்தாள். இந்த வருஷம் அது வெள்ளை வெள்ளையாகப் பூத்து, கொத்துக்கொத்தாகப் பழுத்தது. தரையெல்லாம் பழம் விழுந்து பிசுபிசுக்கிறது, வீட்டைக் காலி பண்ணு என்றார் அவர். சாமான்களை வேனில் ஏற்றிவிட்டுக் கடைசியாக டிரம்மைத் தூக்கப் போனால், நாலு ஆள் முக்கியும் அசையவில்லை. வேர் தகரத்தைத் துளைத்து, சிமெண்டைப் பிளந்து, மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

"வெட்டி எறிஞ்சிருவேன், பாத்துக்கோ!" என்று கத்தினார் பூலோகபாண்டியன்.

"வெட்டுங்க அண்ணாச்சி. வேரைக் காலி பண்ண வைக்க முடியுதான்னு பாப்போம்."

கைக்கெட்டிய பழத்தைப் பறித்து வாயில் போட்டபடி வேனில் ஏறினாள். தெரு தாண்டியும் கொட்டையைத் துப்பவில்லை. கன்னத்தில் அதக்கியே வைத்திருந்தாள்.