இரைச்சல்

"அன்பின் இனிய நேயர்களே! மாலைத் தென்றலாய் உங்கள் செவிகளைத் தழுவ வந்திருப்பது…"

"தழுவுறது இருக்கட்டும், குளியலறைக் குழாயை மூடினீங்களா?" கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி வந்து நின்றாள். "வாளி நிரம்பி வாசல் வரைக்கும் தண்ணி. உங்க நேயர்களா வந்து தொடைப்பாங்க?"

தேன்குரலான் பதறிப்போய் மைக்கைக் கையால் பொத்தி, ஒரு பாட்டைத் தட்டிவிட்டார். தேன்குரலான் என்பது இந்த இணைய வானொலிக்காக அவரே தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். யாரும் மறுப்புத் தெரிவிக்காததால் அதுவே நிலைத்துவிட்டது.

திரையைப் பார்த்தார். கேட்டுக்கொண்டிருப்பவர்களின் எண்ணிக்கை ஐம்பதிலிருந்து மளமளவென்று அறுபதுக்கு ஏறியிருந்தது. வாயெல்லாம் பல்லாக மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? ஒரே ஒரு 'மாலைத் தென்றல்'தான் சொன்னேன். பத்து பேர் புதுசா உள்ள வந்துட்டாங்க. நீ மட்டும் நடுவுல வந்து கத்தலைன்னா இந்நேரம் நூறைத் தொட்டிருப்பேன்."

அவள், நிகழ்ச்சியை இணையத்துக்கு அனுப்பும் சர்வர் பெட்டிக்குப் பின்னால் காயப்போட்டிருந்த காலுறைகளை எடுத்து மடித்தாள். அந்தப் பழைய பெட்டி விடுகிற அனல்காற்றில் எந்தத் துணியும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். வானொலியால் வீட்டுக்கு ஏற்பட்ட நன்மை அது ஒன்றுதான்.

அந்த அறை முன்பு அவளுடையது. வானொலி உள்ளே வந்ததும் தையல் மெஷின் சமையலறை மூலைக்குப் போனது. ஊரார் துணியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது எப்போது பற்றிக்கொள்ளுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் அவள் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நூறு நூறுன்னு எத்தனை நாளா சொல்லிக்கிட்டு இருக்கீங்க? என் ரூமைக் கொடுங்க."

"நான் என்ன செய்ய? சர்வர் பழசு. கூட நாலு பேர் வந்தாலே அதுக்கு மூச்சு வாங்குது. போதாக்குறைக்கு உன் இரைச்சல் வேற."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

தேன்குரலானுக்குச் சுருக்கென்றது. "அப்படியா? வர்ற ஞாயித்துக்கிழமை புது சர்வர் போடுறேன். அதுலயும் நூறு பேர் நிக்கலைன்னா ரூம் உனக்கு. போதுமா?"

"சொன்ன சொல்லு மாறக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவன் பிழைப்பு. பாட்டுகளையெல்லாம் புதுப் பெட்டிக்கு மாற்றி, பழையதின் விசிறியிலிருந்து கைப்பிடித் தூசியை எடுத்து ஜன்னல் வழியே ஊதிவிட்டு, மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஐநூறு பேர் வந்தாலும் அசையாது அத்தான். நீங்க கேட்ட வடிகட்டியும் போட்டுட்டேன். உங்க குரலை மட்டும்தான் வெளிய விடும். மத்த சத்தத்தையெல்லாம் இங்கேயே அமுக்கிடும்."

தேன்குரலான் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "உங்க அக்கா சத்தம்?"

"மிக்சி சத்தத்தையே விடாது. அக்கா எம்மாத்திரம்?"

புது சர்வர், துல்லிய ஒலி என்று ஒரு வாரமாகத் தண்டோரா போட்டிருந்தார். அது வீண்போகவில்லை. சொன்ன நேரத்துக்குத் திரையில் நூற்று மூன்று! தேன்குரலான் தொண்டையைச் செருமிக்கொண்டு தென்றலில் ஆரம்பித்தார்.

"ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டது யாரு?" மனைவி வந்தாள். "நேயரா?"

அவர் மைக்கைப் பொத்தவில்லை. மகாராஜா மாதிரி புன்னகைத்துவிட்டுத் தொடர்ந்து பேசினார்.

"ஊருக்கெல்லாம் வணக்கம் சொல்றீங்க, வீட்டுக் குப்பை வாசல்லயே கிடந்து நாறுது. அதுக்கும் ஒரு வணக்கம் சொல்லிட்டு வாங்க!"

கத்து, நல்லா கத்து என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தார். எண்பது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது நாற்பது. தென்றலை விட்டு நிலவுக்குத் தாவினார். பன்னிரண்டு. நிலவை விட்டு மழைக்கு வந்தபோது மிஞ்சியவர்கள் நாலு பேர். அதில் ஒன்று மச்சானின் போன்.

ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். "என்ன மச்சான் சர்வர் போட்டிருக்க? எல்லாம் புட்டுக்கிச்சு!"

மச்சான் கர்மசிரத்தையாக எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தான். "சர்வர் குதிரையாட்டம் ஓடுது அத்தான். ஆளுங்கதான் ஓடிட்டாங்க."

மனைவி கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, ஜன்னலுக்குக் கீழே தையல் மெஷின் பிடிக்குமா என்று அளக்க ஆரம்பித்தாள். தேன்குரலானுக்கு அழுகை முட்டியது.

அப்போது போன் அடித்தது. நேயர்! போன உயிர் திரும்பிவந்தது அவருக்கு. மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், எங்க வீட்டுல எல்லாருமே உங்க நிகழ்ச்சிக்கு அடிமை. சாயங்காலமானா தட்டோட வந்து உக்காந்துருவோம்."

"சொல்லுங்க, சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

டேப் பாதியில் நின்றது.

"இன்னிக்கு என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? சப்புன்னு போயிருச்சு."

"எல்லாம் சர்வர் கோளாறுங்க! இதோ, இப்பவே சரி பண்ணிடுறேன்."

"சர்வரெல்லாம் எங்களுக்குத் தெரியாது சார். நீங்க பேசினது ஒரு வார்த்தை விடாம தெளிவா கேட்டுச்சு, அதுல குறையில்ல." மறுமுனை கொஞ்சம் தயங்கியது. பிறகு உண்மையான கவலையோடு கேட்டது:

"நடுநடுவுல வந்து உங்களைத் திட்டுவாங்களே ஒரு அக்கா, அவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?"