ஆஷ்ட்ரே சொல்லாத பாராட்டு

ஜெயசீலன் வீட்டுப் பால்கனியில் ஒரு ஆஷ்ட்ரேயும் ஒரு லைட்டரும் இருந்தன. ஒரு நாள் அவன் சிகரெட்டுக்குப் பதிலாக வேப் என்னும் மின்சிகரெட் கருவி ஒன்றை வாங்கி வந்து அவற்றின் பக்கத்தில் வைத்தான்.

"என்னை நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்," என்றது வேப். "பேட்டரி, திரவம், சூடேற்றும் கம்பி எல்லாம் எனக்குள்ளேயே இருக்கிறது. நெருப்பு வேண்டாம், சாம்பல் விழாது, மாம்பழ வாசனைதான் வரும்."

"பிரமாதம்," என்றது லைட்டர். அதற்கு எப்படியாவது பால்கனியிலேயே இருந்துவிட வேண்டும்.

வேப் ஆஷ்ட்ரே பக்கம் திரும்பியது.

"நீயும் நல்லதாக ஒரு வார்த்தை சொல். இல்லாவிட்டால் உனக்குக் குப்பைக்கூடைதான்," என்றது வேப்.

"போகிறேன். ஆனால் உன்னை நல்லது என்று சொல்ல மாட்டேன்," என்றது ஆஷ்ட்ரே. "நான் நிரம்பி வழிந்தால் அவன் மனைவி மார்த்தா என்னை அப்படியே எடுத்துப்போய், ஒன்றும் பேசாமல், அவனுடைய காலைக் காபிக்குப் பக்கத்தில் வைப்பாள். அன்றைக்கு முழுக்க அவன் சிகரெட்டைத் தொட மாட்டான். உன்னிடமிருந்து அவன் இழுப்பதெல்லாம் எங்கே போய்ச் சேரும்? அதை அவள் எதில் அள்ளி அவன் முன்னால் வைப்பாள்?"

வேப் பதில் சொல்வதற்குள் ஜெயசீலன் வந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் இருமல் கேட்டது.

"என்னங்க, சளி பிடிச்சிருக்கா?" என்று சமையலறையிலிருந்து மார்த்தா கேட்டாள்.

"ஆமா," என்றான்.

பிறகு வெளியே வந்து லைட்டரையும் ஆஷ்ட்ரேயையும் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டான். லைட்டர் சத்தமில்லாமல் விழுந்தது. ஆஷ்ட்ரே அவன் உள்ளங்கை முழுக்கச் சாம்பலை அப்பிவிட்டுத்தான் விழுந்தது.