வால் சக்கரத்தின் நடுக்கம்

“ஆடுதுடி! இன்னும் ஆடுது! ஒரு வாரமா அந்த வால்ல என்னத்தைத்தான் நோண்டிக்கிட்டு இருக்கே?”

எஞ்சினை அணைக்காமலேயே கதவைத் தள்ளிக்கொண்டு கத்தினார் ஈவான்.

வெர்னா ஸ்பானரைப் பையில் செருகிக்கொண்டு, ஜல்லி ஓடுதளத்தில் மண்டியிட்டு, விமானத்தின் வாலுக்கு அடியில் தலையை நுழைத்தாள். ஓட்டுபவர் அண்ணன், பழுது பார்ப்பவள் தங்கை. அலாஸ்காவின் அந்த ஆற்றங்கரை ஊருக்குச் சாலை கிடையாது. தபால், மருந்து, நோயாளி எல்லாமே இந்த இரண்டு இருக்கை விமானத்தை நம்பித்தான்.

“டயர்ல காத்து சரியா இருக்குண்ணே. போல்ட் ஒண்ணுகூட லூஸ் இல்ல. ஸ்பிரிங் பட்டை தொய்ஞ்சா சக்கரத்தோட அச்சு பின்னாடி சாஞ்சு ஆடும்னு, அதையும் புதுசா மாத்திட்டேன். இப்ப நேராத்தான் நிக்குது.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“ஐயோ, அப்படிச் சொல்லலைண்ணே.”

“வால் தரையில பட்டதும் காலுக்கடியில, வாலைத் திருப்புற பெடல் கிடுகிடுங்குது. அந்த வேகத்துல சக்கரம் தறிகெட்டு ஆடுச்சுன்னா வண்டி பக்கவாட்டுல சுத்திப் போய் ஆத்துல விழும். விளையாட்டா உனக்கு?”

வெர்னாவுக்கா விளையாட்டு? நாளைக் காலையில் பின் இருக்கையில் உட்காரப்போவது அவள் மகள் ஒலிங்கா. நிறைமாதக்காரி. முகம், கால் எல்லாம் வீங்கிக் கிடக்கிறாள். உடனே டிலிங்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள் ஊர் நர்ஸ். கடல் பக்கம் பனிமூட்டம் சுவர் மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. நாளை காலையை விட்டால் வானம் மறுபடி எப்போது திறக்குமோ.

“வேணும்னா, மேல் கரை ஊர்லேருந்து வேற பைலட் யாரையாவது...” என்று மெல்ல இழுத்தாள்.

ஈவானின் முகம் சிவந்துவிட்டது. “வேற பைலட்டா? ஒலிங்காவைப் பெத்துக்க உன்னையே இதே வண்டியில தூக்கிட்டுப் போனவன் நானு! பாதி வழியிலேயே அலற ஆரம்பிச்சியே, மறந்துபோச்சா? நீ சக்கரத்தை ஒழுங்காப் பாரு, போதும். உனக்குக் கை விட்டுப் போச்சுன்னா அதைச் சொல்லு.”

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஒருவேளை அதுதான் உண்மையோ? எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டியாயிற்று. எதை விட்டோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“நான் பின்னாடி உக்கார்றேன்ணே. பின்னாடியும் பெடல் இருக்கே, முன்னாடி அசைஞ்சா இங்கேயும் அசையும். நானே கால் வச்சுப் பார்க்கறேன்.”

“வேண்டாம். உன் கனமும் சேர்ந்தா வால் இன்னும் மோசமா அடிக்கும்.”

“நாளைக்கு என் பொண்ணு கனம் இருக்குமே?”

ஈவான் நகர்ந்து, அவள் பின்பக்கம் ஏற வழிவிட்டார்.

மேலே ஏறி, ஆற்றின் வளைவைச் சுற்றித் திரும்பினார்கள். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கும் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. முன் சக்கரங்கள் ஜல்லியைத் தொட்டன. பிறகு வால் மெத்தென்று இறங்கியது. வெர்னா இரண்டு கால்களையும் பின் பெடல்கள்மேல் லேசாக வைத்தாள். இருக்கை அவ்வளவாக அதிரவில்லை. ஆனால் உள்ளங்காலுக்கு அடியில், வலது பக்கப் பெடல் படபடவென்று துடித்தது.

“பாத்தியா!” என்றார் ஈவான், ஏதோ ஜெயித்தவர் போல. “இப்பவாவது நம்புறியா?”

 இந்தச் சக்கரத்தை நம்பித்தான் மகளை ஏற்றிவிட இருந்தாள்.

“நம்புறேன்ணே. இங்கேயே நிறுத்து. எஞ்சினை அணைச்சுட்டு அப்படியே இரு, நான் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துடறேன்.”

விமானம் நின்றது. எஞ்சின் இரண்டு இருமல் இருமி அடங்கியது. சுழலும் விசிறியும் ஓய்ந்தது. எங்கும் நிசப்தம். கதவின் கொக்கியில் கை வைத்த வெர்னா குனிந்து பார்த்தாள்; வண்டி அசையாமல் நிற்க, அவள் காலடியில் வலது பெடல் மட்டும் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

“அண்ணே,” என்றாள், குரல் எழும்பாமல். “பெடல்லேருந்து வலது காலை எடு.”

ஈவான் தயங்கித் தயங்கிக் காலைத் தூக்கித் தரையில் வைத்தார். பெடல் நின்றுவிட்டது, அவருடைய கால்தான் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தது.