சாரைப்பாம்பு சொன்ன யோசனை

அறுவடை நேரம். வரப்புக்கு அடியில் குடியிருந்த எலியும் அதன் மனைவியும் கோடைக்கு வேண்டிய நெற்கதிரை வளைக்குள் சேர்த்துக்கொண்டிருந்தன.

அன்று மதியம் ஆண் எலி வாய் நிறைய ஈரமண்ணோடு வந்து, வளையின் பின்வாசலை அடைக்க ஆரம்பித்தது.

“என்ன பண்றீங்க?” என்றது பெண் எலி.

ஆண் எலி மண்ணைத் துப்பிவிட்டுச் சொன்னது: “வரப்புல சாரைப்பாம்பு அண்ணனைப் பார்த்தேன். ரொம்ப மரியாதையான ஆளு. ஆபத்துக்குன்னு நாம விட்டு வச்சிருக்கிற இந்த வழி வருஷம் முழுக்கச் சும்மாதானே கிடக்குதுன்னு கேட்டாரு. இதை அடைச்சிட்டா இன்னொரு மடங்கு கதிர் வைக்கலாமாம். ஆடி வரைக்கும் கவலையே இல்லையாம்.”

“அவர் சொன்னா உடனே செஞ்சிடறதா?”

“அவரு ஆயுசுல ஒரு நெல்லைக்கூடத் தொட்டதில்லையாம். நம்ம கதிர்மேல அவருக்கு ஆசையே கிடையாது. அதனாலதான் நம்பினேன்.”

பெண் எலி கையிலிருந்த கதிரைக் கீழே வைத்தது.

“அப்போ அவரு என்னதான் சாப்பிடுறாராம்?”

ஆண் எலி கொஞ்சம் யோசித்தது. “அதை நான் கேக்கலையே.”

அந்த நேரம் பார்த்து முன்வாசலில் ஒரு மரியாதையான குரல் கேட்டது. “தம்பி, அடைக்கிற வேலை முடிஞ்சுதா?”

“இன்னும் கொஞ்சம் இருக்குண்ணே,” என்று சொல்லிக்கொண்டே, தான் வைத்த மண்ணை ஆண் எலி இரண்டு கையாலும் தோண்டத் தொடங்கியது.